டிஸ்ப்ளே வரலையா, வந்தும் நிலைக்கலையா? ராமையும் பயாஸையும் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

புதிதாக அசெம்பிள் செய்த கணினி மக்கர் செய்தால் முதல் சந்தேகம் ராம் (தற்காலிக நினைவகம்) மீதுதான் விழும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் "ராம் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றுதான் பதில் வரும். நிஜத்தில் செத்துப்போன ராம் குறைவு. ஸ்டிக்கும் நன்றாகவே இருக்கும், போர்டும் நன்றாகவே இருக்கும். டப்பாவில் அச்சடித்த வேகத்துக்கும், சிபியு கம்பெனி பொறுப்பேற்கும் வேகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் தகராறு உட்கார்ந்திருக்கும்.

ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம்: ரைசன் 5 7600, பி650 போர்டு, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட டிடிஆர்5-6000 சிஎல்30 கிட் (சிஎல் என்பது ராமின் தாமத எண், சிறிதாக இருந்தால் நல்லது). ஸ்டிக்கர் சொல்லும் வேகம் 6000. அந்தச் சிப்பில் இரண்டு ஸ்டிக் போட்டால் சிபியு கம்பெனியான ஏஎம்டி பொறுப்பேற்பது 5200 வரை. எதையும் தொடாமல் ஆன் செய்தால் பெரும்பாலும் ஓடுவது 4800. மூன்று எண்ணுமே பொய் இல்லை. 4800 என்பது ஜெடெக் தர விதிப்படி 1.1 வோல்டில் ஓடும் அடிப்படை வேகம். 6000 என்பது ராம் கம்பெனி 1.35 வோல்ட் போலக் கூடுதலாகக் கொடுத்து ஓட்டிப் பார்த்து, ஸ்டிக்கிலேயே எழுதிவைத்த ஓவர்கிளாக் அமைப்பு. ஏஎம்டி பக்கம் அதற்கு எக்ஸ்போ என்று பெயர், இன்டெல் பக்கம் எக்ஸ்எம்பி. அந்த வேகத்தைத் தாங்க வேண்டிய மெமரி கன்ட்ரோலர் இருப்பதோ சிபியுவுக்குள். ஒரே மாடல் சிபியு இரண்டு வாங்கினாலும் இரண்டின் கன்ட்ரோலரும் ஒரே அளவு தாங்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் ஒரே வரிசைதான். முதலில் அடிப்படை வேகத்துக்கு இறங்குங்கள். அங்கே கணினி ஒழுங்காக ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு படியாக ஏறுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அமைப்பை மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

கை வைக்கும் முன் மூன்று வேலை. இப்போதுள்ள பயாஸ் (கணினி எழும்போது போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பக்கங்களை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஆன் ஆகியிருந்தால் அதன் ரிகவரி கீயை எழுதிவையுங்கள். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பயாஸ் அப்டேட் செய்யப் போகிறீர்கள் என்றால் யு.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

முதலில் மானிட்டர் கேபிள். கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிளைப் போர்டின் பின்புறத்தில் செருகிவிட்டு ராமைத் திட்டுபவர்கள் உண்டு. பெயரின் கடைசியில் 'எஃப்' உள்ள சிபியுக்களில், உதாரணமாக 7500எஃப், கிராபிக்ஸே கிடையாது. அவற்றில் போர்டின் எச்டிஎம்ஐ வழியே ஒன்றும் வராது.

கேபிள் சரி என்றால் போர்டின் ஓரத்தில் சிபியு, டி-ராம், விஜிஏ, பூட் என்று எழுதிய நான்கு சிறு விளக்குகளைப் பாருங்கள். டி-ராம் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். ஏஎம்5 போர்டில் (ரைசன் 7000, 9000 போன்ற சிப்கள் உட்காரும் சாக்கெட் கொண்டது) புது ராம் போட்ட முதல் தடவை, கன்ட்ரோலர் ஒவ்வொரு தடத்திலும் சிக்னல் எந்த நேரத்தில் சரியாக வந்து சேர்கிறது என்று அளந்து பார்க்கும். இதற்குப் பெயர் மெமரி டிரெயினிங். அப்போது திரை கறுப்பாகவே இருக்கும். கணினி தானாக அணைந்து மறுபடி ஆன் ஆவதும் உண்டு. 32 ஜிபிக்குச் சில நிமிடம் பிடிக்கலாம். நான்கு பெரிய ஸ்டிக் என்றால் 10 நிமிடத்தையும் தாண்டலாம். பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் டிரெயினிங் முதலிலிருந்து தொடங்கும். முதல் தடவை 15 நிமிடம் விட்டுவையுங்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அதற்குப் பிறகும் விளக்கு அணையவில்லை என்றால், எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரப் பெட்டி) சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்டிக்குகளைக் கழற்றுங்கள். இப்போது வரும் போர்டுகள் பலவற்றில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப் இருக்கும். கிளிப் உள்ள முனை 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். மறு முனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் குனிந்து, தங்க நிறக் கால்களின் கோடு ஸ்லாட்டின் விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் தங்க நிறம் எட்டிப் பார்த்தால் அந்த முனையைக் கட்டைவிரலால் நேராக, அழுத்தமாகத் தள்ளுங்கள். கேபினட்டில் போர்டு வளைகிற மாதிரி இருந்தால் அடியில் ஒரு கை கொடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஸ்டிக் என்றால் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். போர்டில் ஏ2, பி2 என்று அச்சடித்திருக்கும். தடம் அந்த ஸ்லாட்டுகளில்தான் முடிகிறது. ஒன்றிலும் மூன்றிலும் போட்டால், காலியாக உள்ள கடைசி ஸ்லாட் வரை நீண்டு கிடக்கும் தடத்தில் சிக்னல் எதிரொலித்துத் திரும்பும். 4800இல் எப்படியோ ஓடிவிடும், 6000இல் காலை வாரும்.

இன்னும் வரவில்லையா? ஒரே ஒரு ஸ்டிக், ஏ2 ஸ்லாட். வரவில்லை என்றால் அதே ஸ்லாட்டில் மற்ற ஸ்டிக். அதுவும் இல்லை என்றால் பி2. இந்தச் சுற்றில் ஒரு ஸ்டிக் மட்டும் எங்கே போட்டாலும் வராவிட்டால் குற்றவாளி அந்த ஸ்டிக். இரண்டு ஸ்டிக்கும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் வராவிட்டால் அந்த ஸ்லாட், அல்லது சிபியு சாக்கெட்டில் வளைந்த ஒரு பின்.

சிமாஸ் கிளியரையும் (பயாஸ் அமைப்புகளை ஆலை நிலைக்குத் திருப்புவது) இந்த இடத்திலேயே முடித்துவிடுங்கள். பிளக் கழற்றிய நிலையில், கையேட்டில் காட்டியிருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பத்து வினாடி தொட்டுப் பிடித்தால் போதும். பின் கைக்கு எட்டாவிட்டால் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வையுங்கள். அடுத்து ஆன் செய்யும்போது டிரெயினிங் மறுபடி நடக்கும்; அதே 15 நிமிடப் பொறுமை இப்போதும் தேவை.

போர்டை விடச் சிபியு புதிதா என்றும் பாருங்கள். ரைசன் 9000 வந்தது 2024 ஆகஸ்டில். அதற்கு முன்பே ஆலையிலிருந்து கிளம்பி, கடையில் தூங்கிக்கொண்டிருந்த பி650 போர்டுக்கு அந்தச் சிப் யாரென்றே தெரியாது. இந்த நிலையில் ராமை எத்தனை தடவை மாற்றினாலும் பயன் இல்லை. பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால், எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில், கையேடு சொல்லும் பெயரில் பயாஸ் ஃபைலைப் போட்டு, அதற்கென்று குறித்த யுஎஸ்பி ஓட்டையில் செருகி பட்டனை அழுத்துங்கள். இதற்குச் சிபியுவோ ராமோ தேவையில்லை, எஸ்.எம்.பி.எஸ். மின்சாரம் மட்டும் போதும்.

டிடிஆர்4 போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செகண்ட் ஹேண்ட் சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும் 16, 32 ஜிபி ஸ்டிக்குகளில் பல, சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராம். டிடிஆர்4இல் அதற்கும் சாதாரண ராமுக்கும் வெட்டு ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அதனால் ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் வீட்டுக் கணினியில் பூட் ஆகாது. லேபிளில் வேகத்தை ஒட்டி வரும் எழுத்தைப் பாருங்கள்: 'ஆர்' என்றால் ரெஜிஸ்டர்டு, 'யு' என்றால் நமக்கானது. ஸ்டிக்கின் நட்டநடுவே தனியாக ஒரு சிறு சிப் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். டிடிஆர்5இல் வெட்டையே இடம் மாற்றிவிட்டார்கள், அதனால் இந்தக் குழப்பம் இல்லை.

பழைய ராமாக இருந்தால் அழிரப்பரால் கால்களை லேசாகத் தேய்க்கும் வழக்கமான வைத்தியம் பலன் தரும், கடற்கரை ஊர்களில் இன்னும் அதிகமாக. தேய்த்த தூளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுங்கள். டப்பாவிலிருந்து இப்போதுதான் எடுத்த ராமுக்கு இது வேண்டாம்.

தினமும் ஆன் செய்தால் ஒரு நிமிடம் கறுப்புத் திரை

கணினி நன்றாக ஓடுகிறது, பூட் மட்டும் ஆமை வேகம். ஏஎம்5இல் இது கோளாறே இல்லை. ஒவ்வொரு தடவையும் டிரெயினிங் நடக்கிறது, அவ்வளவுதான். பயாஸில் மெமரி அமைப்புகளுக்குள் மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர் என்று ஒன்று இருக்கும். அதை எனேபிள் செய்தால் போன தடவை அளந்த மதிப்புகளைச் சேமித்துவைத்து மறுபடி எடுத்துக்கொள்ளும். அதோடு பவர் டவுன் எனேபிள் என்பதையும் ஆன் செய்யுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் ஆன் செய்து, புளூ ஸ்கிரீன் வாங்கியவர்கள் நிறைய.

இரண்டையும் ஆன் செய்த பிறகு, ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் ஹேங், நாலைந்து நாளுக்கு ஒருமுறை காரணமில்லாத ரீஸ்டார்ட் என்று ஆரம்பித்தால், பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரிஸ்டோரை அணைத்துவிட்டு அந்த ஒரு நிமிடத்தைச் சகித்துக்கொள்வதே மேல் என்பது என் கட்சி.

6000 வாங்கினேன், 4800 காட்டுகிறது

எக்ஸ்போ ஆன் செய்யவில்லை, அவ்வளவுதான். பயாஸின் முதல் பக்கத்திலேயே இருக்கும். எக்ஸ்எம்பி மட்டும் உள்ள கிட்டை ஏஎம்டி போர்டில் போட்டாலும் பெரும்பாலான போர்டுகள் அதைப் படித்துக்கொள்ளும்.

சிபியு-இசட் மென்பொருளில் 3000 என்று பார்த்துப் பதற வேண்டாம். டிடிஆர் ராம் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு தடவை தரவை நகர்த்தும். 3000 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் என்றால் வினாடிக்கு 600 கோடி நகர்வு. டப்பாவில் இருக்கும் 6000 அதுதான்.

இன்டெலில் சிப்செட்டையும் கவனியுங்கள். எச்610 போர்டில் மெமரி ஓவர்கிளாக் இல்லை. 3600 டிடிஆர்4 கிட் போட்டாலும் 3200ஐத் தாண்டாது. பி660, பி760இல் அந்தத் தடை கிடையாது. ஆனால் பெயரில் 'கே' இல்லாத 12ஆம் தலைமுறைச் சிப்களில் மெமரி கன்ட்ரோலருக்கான சிஸ்டம் ஏஜென்ட் வோல்டேஜ் பூட்டப்பட்டிருக்கும். அவற்றில் 3600ஐ கியர் 1இல் (கன்ட்ரோலரும் ராமும் ஒரே வேகத்தில் ஓடும் முறை) ஓட்டப் பார்த்தால் பல சிப்கள் மறுத்துவிடும். 3200 கியர் 1இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

எக்ஸ்போ போட்டதும் பூட் ஆகவில்லை, அல்லது தானாக 4800க்குத் திரும்பிவிடுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். போர்டு சில தடவை முயன்று பார்த்துவிட்டு, 'ஓவர்கிளாக் தோல்வி' என்று சொல்லிப் பழைய வேகத்தில் எழுந்து நிற்கும். ராமை மாற்ற ஓடும் முன் இப்படி வாருங்கள்.

பயாஸைப் புதுப்பியுங்கள். ஏஎம்5 வந்த 2022 செப்டம்பரில் இருந்த பயாஸுக்கும் இன்றைய பயாஸுக்கும் ராம் விஷயத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 24, 48 ஜிபி ஸ்டிக்குகளைச் சரியாக அடையாளம் காணவே 2023இல் வந்த பயாஸ் வேண்டியிருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. 2023 வசந்த காலத்தில் சில ரைசன் 7000எக்ஸ்3டி சிப்கள் எரிந்துபோயின. எக்ஸ்போ ஆன் செய்ததும் போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (சிபியுவுக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கான வோல்டேஜ்) தாராளமாக ஏற்றியது அதில் ஒரு காரணம். அதன் பிறகு ஏஎம்டி அந்த வோல்டேஜுக்கு 1.3 என்று உச்சவரம்பு வைத்து பயாஸ் வெளியிட வைத்தது. அதற்கு முந்தைய பயாஸில் எக்ஸ்போ போட்டு ஓட்டுவது வீண் ஆபத்து.

புதிய பயாஸிலும் 6000 வரவில்லை என்றால், எக்ஸ்போவை ஆன் செய்துவிட்டு மெமரி வேகத்தை மட்டும் கையால் 5600 ஆக்குங்கள். டைமிங்கையும் (சிஎல் போன்ற தாமத எண்கள்) வோல்டேஜையும் தொடாதீர்கள். இழப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோவினாடி கிடைக்கும். 6000 சிஎல்30க்கு 10. 5600 சிஎல்30க்கு சுமார் 10.7. அதே 6000ஐ விலை குறைவான சிஎல்36இல் வாங்கியிருந்தால் 12. அந்த முக்கால் நானோவினாடியை விளையாட்டில் கண்டுபிடிப்பவர் இருந்தால் கும்பிடு போடலாம். 5600 நிலையாக ஓடினால் ராம் நல்ல ராம். உங்கள் சிபியுவின் கன்ட்ரோலருக்கு 6000 சற்று அதிகம், அவ்வளவே.

6000ஐ விட மனமில்லையா? பயாஸில் மூன்று இடத்தைப் பாருங்கள். யுசிஎல்கே (மெமரி கன்ட்ரோலரின் வேகம்) என்பது மெமரி கிளாக்குக்குச் சமமாக, ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கிறதா? எஃப்சிஎல்கே (சிபியுவின் உள் பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகம்) 2000இல் இருக்கிறதா? யாராவது வீடியோவில் சொன்னார் என்று 2133 போட்டிருந்தால் ஆட்டோவுக்குத் திருப்புங்கள். கடைசியாக எஸ்ஓசி வோல்டேஜ். ஆட்டோவில் 1.3ஐ ஒட்டி நின்றால் 1.25க்கு இறக்கிப் பாருங்கள். கூட்டினால்தான் நிலைக்கும் என்று நினைப்போம், சில சிப்களில் குறைத்தால்தான் நிலைக்கும். 1.3க்கு மேல் போகவே வேண்டாம்.

டப்பாவில் 7200, 7600 என்று பெரிய வேகம் பார்த்து ராம் வாங்கி ஏஎம்5இல் போட்டவர்களுக்கு வேறு ஏமாற்றம் காத்திருக்கிறது. ரைசன் 7000, 9000 சிப்களில் ஒன்றுக்கு ஒன்று விகிதம் 6000 முதல் 6400 வரைதான் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், பூட் ஆனாலும் தாமதம் கூடும். அந்தக் கிட்டை 6000க்கு இறக்கி, டைமிங்கை இறுக்கி ஓட்டுவதே புத்திசாலித்தனம். கூடுதலாகக் கொடுத்த காசு போனது போனதுதான்.

இன்னும் வாங்கவில்லை என்றால், போர்டு கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் போர்டு மாடலுக்குரிய மெமரி சப்போர்ட் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சிபியு குடும்பத்துக்கு ஒன்றாகத் தனித்தனிப் பட்டியல் இருக்கும், உங்களுடையதைத் தேர்ந்தெடுங்கள். ராமின் பெயரைப் பார்த்தால் போதாது, பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே பளபளப்பு விளக்குடன் சிஎல்30உம் இருக்கும், சிஎல்40உம் இருக்கும். வலது ஓரத்தில் 1, 2, 4 என்று கட்டங்கள் இருக்கும். எத்தனை ஸ்டிக்கோடு சோதித்தார்கள் என்பது அதில்தான் தெரியும். 6000க்கு 4 என்ற கட்டம் காலியாக இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு, அடுத்த அறிகுறியில் பார்க்கலாம்.

இரண்டு ஸ்டிக்கில் நன்றாக ஓடியது, நான்காக்கியதும் தகராறு

2025 இறுதியில் ராம் விலை தாறுமாறாக ஏறிய பிறகு "இப்போதைக்கு ஒரு செட், மீதியை அப்புறம்" என்று வாங்குவது சகஜமாகிவிட்டது. டிடிஆர்3 காலத்தில் பெரும்பாலும் வேலை செய்த கணக்கு இது. டிடிஆர்5இல் பாதிக் கிணறுதான் தாண்டும்.

ரைசன் 7000, 9000இல் நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி பொறுப்பேற்கும் வேகம் 3600. தட்டச்சுப் பிழை இல்லை, மூவாயிரத்து அறுநூறுதான். ஒவ்வொரு சேனலிலும் (கன்ட்ரோலரிலிருந்து ராமுக்குப் போகும் தடம்) இரண்டு ஸ்டிக் தொங்கும்போது கன்ட்ரோலர் இழுக்க வேண்டிய சுமை இரட்டிக்கிறது, சிக்னலின் தெளிவு குறைகிறது. இன்டெலிலும் நான்கு போட்டால் வேகம் இறங்கத்தான் செய்யும். நான்கு ஸ்டிக்கோடு எக்ஸ்போ 6000 போட்டுப் பூட் ஆகவில்லை என்று ராமைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

செய்ய வேண்டியது: எக்ஸ்போவை அணைத்து, நான்கையும் போட்டு ஆட்டோவில் விடுங்கள். முதல் டிரெயினிங்குக்கு நிறைய நேரம் கொடுங்கள். எழுந்ததும் 4400, 4800, 5200 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மெமரி டெஸ்ட் ஓட்டுங்கள். எங்கே முதல் பிழை வருகிறதோ அதற்கு முந்தைய படியில் நிறுத்துங்கள். புதிய பயாஸோடு 5200, 5600 வரை போகும் போர்டுகள் உண்டு. கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தனித்தனிக் கிட்டைக் கலக்கும்போது இன்னொரு சங்கடம் சேர்ந்துகொள்ளும். ஒரே பார்ட் நம்பரில் ஆறு மாத இடைவெளியில் வாங்கினாலும் உள்ளே இருக்கும் மெமரி சிப் வேறு கம்பெனியுடையதாக இருக்கலாம். ராம் கம்பெனிகள் ஒரு கிட்டுக்குள் உள்ள ஸ்டிக்குகள் ஒத்துப்போகும் என்றுதான் சொல்கின்றன. இரண்டு கிட் ஒத்துப்போகும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. கலந்துதான் ஆக வேண்டும் என்றால், மெதுவான கிட்டின் வேகம், சிஎல், வோல்டேஜ் மூன்றையும் எல்லாவற்றுக்கும் வையுங்கள். ஏ1, ஏ2இல் ஒரு ஜோடி என்று போடாமல், ஒரு கிட்டின் ஸ்டிக்குகளை ஏ2, பி2இலும் மற்றதை ஏ1, பி1இலும் போடுங்கள்.

64 ஜிபி தேவைப்படும் என்று இன்றே தெரிந்தால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டாகவே வாங்குங்கள். 96 வேண்டும் என்றால் 48 இரண்டு. நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் கேபினட் பார்க்க லட்சணமாக இருக்கும், அதைத் தவிர லாபம் இல்லை.

விண்டோஸ் வருகிறது, ஆனால் நிலைக்கவில்லை

மெமரி மேனேஜ்மென்ட் என்று புளூ ஸ்கிரீன், மறுநாள் வேறு பெயரில் இன்னொன்று. பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்தால் சிஆர்சி பிழை, மறுபடி பிரித்தால் சரியாக வருகிறது. பிரௌசர் டேப் தானாகச் சாகிறது. பிழையின் பெயர் ஒவ்வொரு தடவையும் மாறுவதே ராம் பக்கம் கைகாட்டும் முக்கிய அடையாளம். ஒரே டிரைவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரை முதலில் பாருங்கள்.

விண்டோஸுடன் வரும் மெமரி டயக்னாஸ்டிக் பல பிழைகளைக் கோட்டைவிடும். மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்யுங்கள். இரண்டாவதற்குப் பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கலாம். அணைத்தால் பிட்லாக்கர் கீ கேட்கலாம், எழுதிவைத்த கீ அப்போது உதவும். 32 ஜிபிக்கு முழுச் சோதனை முடிய மணிக்கணக்காகும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் தோல்விதான். "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது.

எக்ஸ்போவில் பிழை வந்தால் எக்ஸ்போவை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். 4800இல் சுத்தமாக இருந்தால் ராம் சாகவில்லை; மேலே சொன்ன 5600 வழிக்குப் போங்கள். 4800இலும் பிழை என்றால் ஒவ்வொரு ஸ்டிக்காக, ஒரே ஸ்லாட்டில் ஓட்டுங்கள். பிழை ஒரு ஸ்டிக்கோடு ஊர் ஊராகப் போனால் அந்த ஸ்டிக்தான். ஸ்டிக்கை மாற்றினாலும் பிழை ஸ்லாட்டிலேயே தங்கினால் போர்டு அல்லது சிபியு.

"டிடிஆர்5இல் இசிசி உள்ளேயே இருக்கிறதே, பிழை எப்படி வரும்?" என்று கேட்பார்கள். அந்த இசிசி (பிழைத் திருத்தம்) ஒவ்வொரு மெமரி சிப்பும் தன் வயிற்றுக்குள் மட்டும் செய்துகொள்ளும் திருத்தம். சிப்பிலிருந்து சிபியுவுக்கு வரும் வழியில் கெடுவதை அது பார்க்காது. ஓவர்கிளாக்கில் கெடுவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

டெஸ்ட் சுத்தம், விளையாடினால் மட்டும் கிராஷ் என்றால் சூட்டைப் பாருங்கள். டிடிஆர்5 ஸ்டிக்கில் வெப்பமானி உண்டு, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் தெரியும். மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. விளையாடும்போது அதன் சூடான காற்று நேராக ராம் மீது அடிக்கிறது. டைமிங்கை இறுக்கி ஓட்டும் ஸ்டிக்குகளில் 55 டிகிரியைத் தாண்டியதும் பிழை தலைகாட்டலாம். கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு விளையாடிப் பாருங்கள். கிராஷ் நின்றால் காற்றோட்டம்தான் பிரச்சினை.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறையில் 'கே' சிப் வைத்திருப்பவர்கள் இதைத் தனியாகப் படியுங்கள். அன்ரியல் எஞ்சின் விளையாட்டுகளில் வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை வந்து, கார்டில் மெமரி தாராளமாக இருந்தால், ராமையும் கார்டையும் விட்டுவிட்டு சிபியுவைச் சந்தேகியுங்கள். அந்தத் தலைமுறைகளில் வோல்டேஜ் அதிகமாகி சிப் தேய்ந்துபோகும் கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் அதற்கு மைக்ரோகோட் கொடுத்தது, பயாஸ் அப்டேட் வழியாக வரும். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அது குணப்படுத்தாது. வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள், அதைப் பயன்படுத்துங்கள்.

கெட்ட ராமோடு விண்டோஸ் இன்ஸ்டால் செய்திருந்தால், ராம் சரியான பிறகு அந்த விண்டோஸை நம்ப வேண்டாம். பிழையோடு எழுதப்பட்ட ஃபைல் பிழையாகவே கிடக்கும். மறுபடி போட்டுவிடுங்கள்.

32 போட்டேன், 16 காட்டுகிறது

பயாஸில் எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். அங்கே 32, விண்டோஸில் குறைவு என்றால் எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் மெமரி டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சிபியுவின் கிராபிக்ஸுக்காக 512 எம்பி, 2 ஜிபி என்று ஒதுக்கியது குறைந்தால் அது இயல்பு.

பயாஸிலேயே 16 என்றால் ஒரு சேனல் காணவில்லை. ஸ்டிக்கையும் ஸ்லாட்டையும் மாற்றிச் சோதித்தபின் கூலரின் ஸ்க்ரூக்களைத் தளர்த்திச் சமமாக இறுக்குங்கள். ஒரு மூலையை மட்டும் முரட்டுத்தனமாக இறுக்கினால் சிபியு சாய்ந்து, சாக்கெட்டில் ராமுக்கான சில பின்கள் தொடாமல் போகும். அதற்கும் பலன் இல்லை என்றால் சிபியுவைக் கழற்றி, போன் கேமராவைப் பெரிதாக்கி, சாய்ந்த வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள். வரிசையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னினால் அது வளைந்த பின்.

பயாஸ் ரீசெட் செய்த பிறகு விண்டோஸே வரவில்லை

ராம் சரியாகிவிட்டது, பூட் போய்விட்டது. ரீசெட் எல்லா அமைப்பையும் ஆலை நிலைக்குத் தள்ளியதன் பக்கவிளைவு இது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபார்மட் செய்யக் கிளம்பாதீர்கள். முன்பு எடுத்த போன் படங்களைத் திறந்து மூன்று அமைப்பை ஒப்பிடுங்கள்: சிஎஸ்எம் (பழைய முறை பூட்), இன்டெல் என்றால் விஎம்டி (டிஸ்க்கைக் கையாளும் முறை), சாட்டா மோடு. பழைய எம்பிஆர் டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால் சிஎஸ்எம் ஆன் ஆக வேண்டும். விஎம்டி முன்பு ஆனில் இருந்திருந்தால் இப்போதும் ஆனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க்கே கண்ணில் படாது, அல்லது விண்டோஸ் பாதியில் நீலமாகும்.

ஏஎம்டியில் சிபியு மாற்றினாலோ, சில சமயம் பயாஸ் அப்டேட் செய்தாலோ, எஃப்டிபிஎம் (பிட்லாக்கர் சாவியைக் காக்கும் பகுதி) ரீசெட் செய்யலாமா என்று கேட்டு 'ஒய்' அல்லது 'என்' அழுத்தச் சொல்லும். பிட்லாக்கர் கீ கையில் இல்லை என்றால் 'என்' அழுத்துங்கள். 'ஒய்' அழுத்திவிட்டுக் கீ கிடைக்காவிட்டால் டிஸ்க்கில் உள்ளது திரும்பாது. விண்டோஸ் வந்தும் வேலோரன்ட் விளையாட்டு மட்டும் திறக்க மறுத்தால் ரீசெட்டில் செக்யூர் பூட் அணைந்திருக்கும், ஆன் செய்யுங்கள்.

ஸ்டிக் நிஜமாகவே போய்விட்டது என்றால்

அடிப்படை வேகத்தில், தனி ஸ்டிக்காக, இரண்டு ஸ்லாட்டிலும் பிழை வந்த மெம்டெஸ்ட் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போவில் வந்த பிழையைக் காட்டினால் "ஓவர்கிளாக் செய்தீர்கள்" என்று தட்டிக்கழிக்க வழி கிடைக்கும், 4800இல் வந்ததைக் காட்டினால் பேச இடம் இல்லை. கிட்டாக வாங்கியதில் ஒரு ஸ்டிக் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். ஒன்றை மட்டும் மாற்றி வாங்கினால் வருவது வேறு சிப் கொண்ட ஸ்டிக்காக இருக்கலாம். பிறகு 6000இல் ஜோடி சேராமல் இதே அறிகுறிகளை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும்.